எதிர்க்காற்றில் எட்டுக் கட்டை

தேவராசாவுக்கு வேண்டியிருந்தது மூன்று மணித்தியாலம். இருபத்தாறு மைலையும் அதற்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டையும் அதற்குள் ஓடி முடித்தால் கொழும்பில் நடக்கும் அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம். முதலாவதாக வரத் தேவையில்லை. எத்தனையாவதாக வந்தாலும் நேரம் உள்ளே இருந்தால் சரி. இரண்டு வருடமாக அவன் அந்த நேரத்துக்கு வெளியே நின்றான். இந்த வருடத்தோடு அந்த வாய்ப்பும் முடிந்துவிடும். பங்குனியில் அவனுடைய தகப்பனார் சூசைதாசன் குருநகரிலிருந்து வள்ளத்தையும் வலைகளையும் மன்னார்ப் பக்கம் கொண்டுபோகிறார். இனி நாலைந்து வருடத்துக்குத் தொழில் அங்கேதான்.

"அங்கை ஓட றோட்டில்லை, மணல்தான்," என்று ஐயா சொல்லியிருந்தார். "வேணுமெண்டா நண்டுகளோடை ஓடு."

எழுபத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம். விடியற்காலையில் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்து முற்றவெளியில் முப்பது பேர் நின்றார்கள். பண்ணைப் பாலத்தால் தீவுக்குள் இறங்கி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எல்லாம் தாண்டி, ஊர்காவற்றுறைத் துறையடியில் வைத்திருக்கும் பீப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். விளையாட்டுக் கழகச் செயலாளர் மார்க்கண்டர் நிறுத்தற்கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டார்.

தேவராசாவுக்குப் பக்கத்தில் தில்லைநாதன் நின்றான். கோப்பாய் ஆள், வங்கியில் எழுதுவினைஞர். போன வருடம் அரை நிமிடத்தால் தவறவிட்டவன். மெலிந்த உடம்பு, மணிக்கட்டில் பெரிய கடிகாரம். இரண்டு பேரும் போட்டிகளில் மட்டும் காண்கிறவர்கள்.

"இந்த முறை என்ன கணக்கு?" என்று தேவராசா கேட்டான்.

"மைல்கட்டைக்கு ஆறு நிமிசம் ஐம்பது செக்கன். முதல் மைல்கட்டைக்கும் அதுதான், கடைசிக் கட்டைக்கும் அதுதான்."

"எல்லாக் கட்டையும் ஒரே நீளமோ?"

"அதை றோட்டுப் போட்டவனைக் கேளும்."

விசில் ஊதியது.

பாலத்தில் இறங்கியதும் வாடைக்காற்று தேவராசாவின் முதுகில் கை வைத்தது. பாலம் என்று பெயர்தான். கடலின் நடுவே கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட நீளமான தெரு அது. கொஞ்ச நேரத்தில் முதுகில் இருந்த கையும் இல்லாமல் போயிற்று. காற்றின் வேகமும் அவனுடைய வேகமும் ஒன்றாகிவிட்டன. ஆகவே காற்றே இல்லை. தலைமயிர் அசையவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் அவன் போகும் திசைக்கே சுருண்டு சுருண்டு போய்க்கொண்டிருந்தது. எருக்கலம் பஞ்சு ஒன்று, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், முந்தாமலும் விழாமலும் கூடவே வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே ஓடினான். வெகு நேரம் அந்தப் பஞ்சும் அவனும் ஓரிடத்தில் நிற்பது போலவும், தீவுதான் மெல்ல அவர்களை நோக்கி வருவது போலவும் இருந்தது.

அல்லைப்பிட்டிப் பனைகள் வந்து போயின. மண்கும்பானில் வெள்ளை மணல் மேடுகள் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தாமாகவே ஒளிவிட்டன. வியர்வை உலராமல் உடம்பெல்லாம் வழிந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. பின்காற்று கிடைத்தால் பாயை முழுக்க விரித்துவிடுவதுதான் அவனுடைய ஆட்களின் பழக்கம். வள்ளக்காரனுக்குத் திரும்பி வரவும் அதே பாய் இருக்கிறது. சரித்துப் பிடித்து, வளைந்து வளைந்து வந்து சேரலாம். காலால் ஓடுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது என்பது அவனுக்கு அப்போது நினைவில் இல்லை.

பீப்பாவடியில் நின்றவர் நேரத்தைக் கத்தினார். பாதித் தூரத்தில் ஆறு நிமிடம் மிச்சம். லோஞ்சுப் படகுக்குக் காத்து நின்ற சனம் கை தட்டியது. அவன் சிரித்துக்கொண்டே பீப்பாவைச் சுற்றித் திரும்பினான்.

காற்று அங்கே நின்றுகொண்டிருந்தது.

முதலில் அது ஆளை நிறுத்திப் பார்த்தது. பிறகு வாயிலும் காதிலும் புகுந்தது. அரைக் கட்டை போகுமுன் தொடைகள் ஈர மணல் மூட்டைகளாயின. எதிரே தில்லைநாதன் வந்தான். கடிகாரத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கடந்து போனான்.

மிச்சமிருந்த ஆறு நிமிடமும் வேலணைக்கு வருவதற்குள் ஓட்டைச் சிரட்டைத் தண்ணீர் போல ஒழுகிப் போயிற்று. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்தது.

"கப்பல் தரை தட்டீட்டுதோ?"

"பாய் கிழிஞ்சுபோச்சு."

தில்லைநாதன் பக்கத்தில் வந்தான். அவனுடைய முகமும் வெளிறியிருந்தது. "பின்னாலை வாரும். கிட்ட. இன்னும் கிட்ட."

"ஏன்?"

"சும்மா இல்லை. அடுத்த கட்டையிலை நீர் முன்னுக்கு." மூச்சு வாங்கினான். "எட்டுக் கட்டை கிடக்கு. உந்தக் காத்துக்குள்ளை தனியத் தனிய ஓடினா ரெண்டு பேருக்கும் கொழும்பு இல்லை. சேந்து ஓடினா ரெண்டு பேருக்கும் இருக்கு."

தேவராசா அவனுக்குப் பின்னால் போனான். ஒடுங்கிய முதுகு. ஆனாலும் அதன் பின்னால் உள்ளங்கை அளவு இடத்தில் காற்று ஓய்ந்திருந்தது. அந்த உள்ளங்கைக்குள் அவன் முகத்தை வைத்துக்கொண்டான். கால்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. அடுத்த மைல்கல்லில் இடம் மாறினார்கள்.

"ஆ," என்றது பின்னாலிருந்து குரல். "உமக்குப் பின்னாலை ஒரு வீடு கட்டலாம்."

"வாடகை தாரும்."

கட்டைக்குக் கட்டை மாறினார்கள். முன்னால் போகிறவன் காற்றை வாங்கினான். பின்னால் வருகிறவன் மூச்சை வாங்கினான். மணல் மேடுகளும் பனைகளும் திரும்பவும் வந்தன. பனையோலைகள் எல்லாம் அவர்களைப் போகவேண்டாம் என்பது போல எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

பாலத்தின் முதற்பாதியைத் தில்லைநாதன் இழுத்தான். நடுவில் விலகி, கடிகாரத்தைப் பார்த்து, "சரியா இருக்கு. விடாதையும்," என்றான். தேவராசா முன்னுக்குப் போனான்.

பின்னால் காலடி கேட்டது. தப், தப், தப். கொஞ்சம் பிந்தினால் அவனும் ஒரு சொட்டுக் குறைத்தான். நெருங்கினால் கூட்டினான். நோவு எப்போதோ நின்றுவிட்டது. மனதில், கொழும்புக்குப் போகும் யாழ்தேவி ரயிலில் எதிரெதிராக இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆனையிறவு உப்பு வெளி வெள்ளையாகப் போகிறது. தில்லைநாதன் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கடிகாரத்தைப் பார்க்கிறான். அந்த ரயில் தடம் தட்டும் சத்தமும் காலடிச் சத்தமும் ஒன்றாகவே இருந்தன. பெரிய சுமை ஒன்றைச் சிந்தாமல் கொண்டுபோகிறவன் போல, அந்தச் சத்தம் உடையாதபடி அவன் ஓடினான். கோட்டை மதில் வந்தது. முற்றவெளி வந்தது. சுண்ணாம்புக் கோடு காலுக்குக் கீழே போனது.

"ரெண்டு ஐம்பத்தெட்டு!" என்றார் மார்க்கண்டர்.

தேவராசா சிரித்தபடி திரும்பினான். பின்னால் ஒருவரும் இல்லை.

தூரத்தில், பாலம் தரையைத் தொடும் இடத்தில், ஒரு வெள்ளைப் பனியன் தெரிந்தது. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது.

அவன் வந்த வழியே ஓடத் தொடங்கினான். நாலு அடி போகுமுன் மார்க்கண்டர் கையைப் பிடித்தார்.

"எங்கை போறீர்?"

"அவருக்குக் காத்து மறைக்க."

"நீர் முடிச்சிட்டீர், தம்பி. இப்ப நீர் வெளியாள். முன்னுக்குப் போய் ஓடினீரெண்டா அவரின்ரை நேரத்தை நான் எழுதேலாது."

"இன்னும் நேரம் கிடக்கல்லோ?"

"கிடக்கு. அதுதான் சொல்லுறன், நில்லும்."

அவன் நின்றான். அந்த நாள் முழுவதிலும் அதுதான் பாரமான வேலையாக இருந்தது. வெள்ளைப் பனியன் அசைந்தது. ஆனால் கிட்ட வரவில்லை. தேவராசாவின் தோள்கள் தாமாகவே அகன்று கொடுத்தன. அவ்வளவு தூரத்தில் அவற்றால் யாருக்கும் பயன் இல்லை. மார்க்கண்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்தை வாசிக்கவில்லை. பிறகு ஒருமுறை செருமினார். மூன்று மணித்தியாலம் கடந்துவிட்டது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

தில்லைநாதன் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினான், தன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புல்லில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டிக்கொண்டான். தேவராசா பக்கத்தில் போய் இருந்தான்.

"எவ்விடத்திலை?"

"நீர் முன்னுக்குப் போய்க் கொஞ்ச நேரத்திலை. கெண்டைக்கால் பிடிச்சிட்டுது. கூப்பிட்டனான்."

"கேக்கேல்லை."

"தெரியும். காத்து என்ரை குரலை மண்டைதீவுக்குக் கொண்டுபோட்டுது."

"உம்மடை கால் சத்தம் கேட்டுக்கொண்டுதான் வந்தன். கடைசி மட்டும்."

தில்லைநாதன் யோசித்தான். "கல்லிலை தண்ணி அடிச்சிருக்கும்."

ஓடி முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள்.

"நான் கூப்பிட்டது கேட்டிருந்தா என்ன செய்திருப்பீர்?"

நின்றிருப்பேன் என்று சொல்லத் தேவராசா வாயைத் திறந்தான். மன்னார் மணலும் கொழும்பும் ஒன்றாகக் கண்ணுக்கு முன் வந்தன. "தெரியாது," என்றான்.

தில்லைநாதன் தலையை ஆட்டினான். "நிண்டிருப்பன் எண்டு சொல்லியிருந்தீரெண்டா இனி உம்மோடை கதைக்கிறேல்லை எண்டு இருந்தனான்." காலை அசைத்துப் பார்த்து முகம் சுளித்தான். "வெள்ளவத்தையிலை என்ரை மச்சான் இருக்கிறான். சின்ன அறை. மூட்டைப்பூச்சியும் இருக்கு. அங்கை தங்கும்."

"நீரும் வாரும்."

"நான் என்னத்துக்கு?"

"றோட்டுக்கரையிலை நிண்டு நேரம் சொல்ல. எனக்கு ஓடத்தான் தெரியும், கணக்குத் தெரியாது."

"அது ஊர்காவற்றுறைக்குப் போகேக்கையே பாத்தனான்," என்றான் தில்லைநாதன். "லீவு தருவாங்களோ தெரியாது. கேட்டுப் பாக்கிறன்."

தேவராசா அவனுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தான். கெண்டைச் சதை கல்லாக இறுகிக் கிடந்தது. இரண்டு பெருவிரல்களையும் வைத்து, கீழேயிருந்து மேலே, முடிச்சைத் தேடித் தேடி அழுத்தினான். தில்லைநாதன் மூச்சை உள்ளே இழுத்தான், காலை எடுக்கவில்லை.

"மெல்ல," என்றான். "அது ஆளின்ரை கால், வலையில்லை."