முனிசிபல் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு இடம்

1985 மார்ச்சில் எனக்குப் பன்னிரண்டு வயது. தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தேன். பெண்கள் கோ-கோ டீமுக்கு நான்தான் கேப்டன். ஒரு நாள் பிரேயர் முடிந்ததும் ஆறுமுகத்தாய் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு மாட்டுங்காவில் ஒரு இன்டர்வியூ இருக்கிறது, தலையை நன்றாக வாரிக்கொண்டு வா என்றார்.

பல்கேரியா நாட்டில், கருங்கடல் ஓரத்தில், கோடைக்காலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடக்கும். முப்பது நாட்டுப் பிள்ளைகள் வந்து ஒரு மாதம் ஒன்றாகத் தங்குவார்கள். மாட்டுங்காவில் இருந்த ஒரு நட்புறவுச் சங்கம் பம்பாயிலிருந்து ஆறு பேரை அனுப்பியது. போகவர எல்லாச் செலவும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆறு இடத்தில் ஒன்று முனிசிபல் பள்ளிப் பிள்ளைக்கு என்று அந்த வருஷம்தான் முதல் தடவையாக எழுதியிருந்தார்கள்.

இன்டர்வியூவுக்கு எட்டுப் பேர் போயிருந்தோம். சங்கத்துச் செயலாளர் ஷ்யாமளா மேடம் கஞ்சிபோட்ட காட்டன் புடவையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். “மத்த நாட்டுக் குழந்தைகளுக்கு நீ என்ன காட்டுவே?”

எனக்கு முன்னால் போனவர்கள் பரதநாட்டியம் என்றார்கள், தாஜ்மஹால் படம் என்றார்கள். நான் கோ-கோ சொல்லிக் கொடுப்பேன் என்றேன். “ஆனா ரெண்டு பக்கமும் ஒம்பது ஒம்பது பேர் வேணும் மேடம். பதினெட்டுப் பேர் கிடைப்பாங்களா?”

அவர் சிரித்துவிட்டார். பத்து நாளில் மெஹராஜ் என்று என் பெயர் போட்டுக் கடிதம் வந்தது.

எங்கள் வீடு ஒரே கோலி, ஒற்றை அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் சன்னலோரம் உம்மாவின் தையல் மிஷின். வாப்பாவின் அண்ணன் காசிம், எனக்குப் பெரியவாப்பா, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ‘காக்கா’, தோல் பை பட்டறை வைத்திருந்தார். வாப்பா அங்கே தோல் வெட்டுவார். பைகளுக்கு உள்துணி தைப்பது உம்மா. மிஷினும் பெரியவாப்பாவுடையதுதான். கடையநல்லூரிலிருந்து வாப்பாவைப் பதினாலு வயதில் பம்பாய்க்குக் கூட்டிவந்தவர் அவர். வாப்பா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடிதம் வந்த அன்று சாயங்காலமே பெரியவாப்பா வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“ஹனீபு, கேள்விப்பட்டது நெசமா?”

வாப்பா கடிதத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“இன்னைக்கோ நாளைக்கோ பெரிய மனுஷி ஆகப்போற புள்ள. ஆம்பளப் புள்ளைகளோட ஒரு மாசம். கண்காணாத தேசம். அங்க பன்னியை அவிச்சு வைப்பான். தொழுகை உண்டா, ஓதல் உண்டா?”

“மீனு இருக்கும் காக்கா,” என்று உம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். “ரொட்டி இருக்கும். டீச்சர்ட்ட கேட்டாச்சு. பொம்பளப் புள்ளைகளுக்குத் தனிக் கட்டடம். ஓத வேண்டியதெல்லாம் மனப்பாடமாத்தான் வச்சிருக்கா.”

“நான் என் தம்பிட்ட பேசுதேன்.”

“என் புள்ளையப் பத்திப் பேசுதீய.”

பெரியவாப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. “ஹனீபு, நீ அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னா, மறுநாள் என் பட்டறை வாசலை மிதிக்காதே,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கடிதத்தோடு வந்த சம்மதப் படிவத்தில் தகப்பன் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தப் படிவம் நாலு நாள் அலமாரியில் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. வாப்பா அதைத் தொடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். உம்மா அவரை ஒன்றும் கேட்கவில்லை. சண்டையாவது போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் ஒரு தடவை, “உம்மா, நான் போகலன்னு சொல்லிரட்டுமா?” என்றேன்.

“ஒனக்குப் போக இஷ்டம் இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப வாயை மூடிட்டு இரு.”

ஐந்தாம் நாள் உம்மா காலையிலிருந்து எழுந்திருக்காமல் தைத்தாள். பாக்கி இருந்த உள்துணி முழுவதையும் முடித்து, மடித்து, கட்டாகக் கட்டி என் கையில் கொடுத்தாள். பிறகு மிஷினைப் பலகையிலிருந்து கழற்றினாள். புடவைத் துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் மிஷினைத் தூக்கி வைத்தாள். புர்காவைப் போட்டு முகத்திரையை மட்டும் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். படிவம் அவள் கையில் இருந்தது.

நடுப்பகல். சந்து முழுக்க ஆட்கள். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். “என்ன மதினி, மிஷின் ரிப்பேரா?” என்று யாரோ கேட்டார்கள். “மிஷின் நல்லாத்தான் இருக்கு,” என்று உம்மா நிற்காமல் சொன்னாள். சாக்கடைப் பலகைகளில் அவள் கால் பதிந்து பதிந்து நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் பின்னால் துணிக்கட்டோடு ஓடினேன்.

பட்டறையில் பெண்கள் நுழைவதில்லை. உம்மா நுழைந்தாள். வெட்டுப் பலகையின்மேல் மிஷினை இறக்கினாள். அங்கே வேலை பார்த்த ஐந்தாறு பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். பெரியவாப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“என்னம்மா இது?”

“ஒங்க மிஷின் காக்கா. துணியும் முடிச்சாச்சு, எண்ணிக்கோங்க. நாளையிலேருந்து எனக்கு வேலை தர வேண்டாம்.”

“ஆம்பளைங்க இருக்கிற எடத்துல வந்து...”

“ஒங்க தம்பி கையெழுத்துப் போடுறதும் போடாததும் அவுக இஷ்டம். புள்ள அவுகளுக்கும் புள்ளதான். போகக்கூடாதுன்னு அவுக மனசுல பட்டா போடாம இருக்கட்டும், நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா ஒங்க வேலைக்குப் பயந்து போடாம இருக்கப்படாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டு, படிவத்தை மிஷின் பக்கத்தில் வைத்தாள்.

வாப்பா கையில் தோல் வெட்டும் கத்தி இருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார். லுங்கியில் கையைத் துடைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து வார் ஒட்டிக்கொண்டிருந்த பூலோகத்திடம், “பேனா இருக்காப்பா?” என்று கேட்டார். பூலோகம் பெரியவாப்பாவைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தான். வாப்பா நின்றபடியே குனிந்து, முகம்மது ஹனீப் என்று தமிழில் முழுசாக எழுதினார். கையில் ஒட்டியிருந்த சொலூஷன் பசை தாளின் ஓரத்தில் மஞ்சளாக அப்பிக்கொண்டது.

“காக்கா, வாரேன்,” என்றார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வெளியே வந்தோம். வீட்டுக்குள் வந்ததும் வாப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். உம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதோடு முடியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, போலீஸ் வந்து விசாரித்து, எல்லாம் ஆன பிறகு, மே மாதக் கடைசியில் சங்கத்திலிருந்து அவசரமாக வரச் சொல்லி ஆள் வந்தது. வாப்பா அப்போது வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். உம்மாவும் ஆறுமுகத்தாய் டீச்சரும் நானும் மாட்டுங்காவுக்குப் போனோம்.

ஷ்யாமளா மேடம் எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். முகம் சரியில்லை. நிறையச் சுற்றிச் சுற்றிப் பேசினார். “குழந்தை கெட்டிக்காரி, அதுல சந்தேகமே இல்லை. ஆனா இங்கிலீஷ் வராது. ஃபோர்க், ஸ்பூன் பழக்கமில்லை. ஊர் புதுசுன்னா பயந்துடும். கமிட்டியில என்ன நினைக்கிறான்னா, இந்த வருஷம் செம்பூர்லேர்ந்து வேற ஒரு பொண்ணை அனுப்பிட்டு, இவளைக் கொஞ்சம் தயார் பண்ணி அடுத்த வருஷம்...”

“அடுத்த வருஷம் இவளுக்குப் பதிமூணு வயசாயிரும்,” என்றார் டீச்சர். “பன்னெண்டு வரைக்கும்தான் எடுப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க.”

ஷ்யாமளா மேடம் பேப்பர்வெயிட்டைத் திருப்பினார்.

உம்மா, “அந்தச் செம்பூர்ப் புள்ள முனிசிபல் ஸ்கூலா?” என்று கேட்டாள்.

“இல்ல. கான்வென்ட். கமிட்டி மெம்பர் ஒருத்தரோட பொண்ணு.”

“டீச்சர், அந்த மொதக் கடுதாசியில இந்த எடம் யாருக்குன்னு போட்டிருக்கு? வாசிங்க.”

டீச்சர் வாசித்தார். மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் ஒரு மாணவர் அல்லது மாணவிக்கு.

“அப்ப அது அந்தப் புள்ளை எடம் இல்ல மேடம். அந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணும் இல்ல. முள்கரண்டி ரெண்டு நாள்ல பழகிரும். இவளைப் பயந்தவன்னு சொல்லுதீயளே, இவ கோ-கோ ஆடுறதைப் பாத்திருக்கீயளா?”

“நான் தப்பா சொல்லலை. கமிட்டி முடிவு...”

“முடிவை மாத்துற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்.”

நிஜமாகவே இருந்தாள். காலை பத்தரைக்குப் போனவர்கள். டீச்சர் மதியம் வீட்டுக்குப் போய்விட்டு மறுபடி வந்தார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் வந்ததும் உம்மா வராந்தாவில் தன் துப்பட்டாவை விரித்துத் தொழுதுவிட்டு மறுபடி அதே நாற்காலிக்கு வந்தாள். பியூன் பிரம்மநாயகம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எனக்கு இரண்டு பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மெதுவாக, “அசையாதீய,” என்றார்.

நாலு மணிக்கு ஷ்யாமளா மேடம் ஒரு டைப் அடித்த தாளை எடுத்து உம்மா முன்னால் வைத்தார். குரலில் களைப்பு. “இதப் பாருங்கோ. பாஸ்போர்ட் டெல்லிக்குப் போயாச்சு. பேரை மாத்தணும்னா, நாங்களே சம்மதிச்சு விலகிக்கறோம்னு பெத்தவா எழுதிக் குடுக்கணும். இதுல கையெழுத்து வாங்கத்தான் என்னை உங்களைக் கூப்பிடச் சொன்னா.”

உம்மா தாளைப் பார்த்தாள். அவளுக்கு அரபு எழுத்து தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது.

“நாங்க எழுதிக் குடுக்கலன்னா?”

ஷ்யாமளா மேடம் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். “குடுக்கலன்னா இவதான் போகணும். வேற வழி கிடையாது.”

“இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே மேடம்,” என்று உம்மா எழுந்தாள். அந்தத் தாளை மடித்து மேஜையின் நடுவில் வைத்தாள். “எங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு ஒங்க கமிட்டிக்குச் சொல்லிருங்க.”

ஜூன் பத்தாம் தேதி, பம்பாய் சென்ட்ரலில் டெல்லி ரயில். நல்ல மழை. மற்ற ஐந்து பேரும் கோட்டு போட்டு நின்றார்கள். எனக்கு டீச்சர் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர். வாப்பா என் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். உம்மா அழவில்லை. “யாராவது ஒண்ணு கேட்டா முகத்தைப் பாத்துப் பதில் சொல்லு,” என்றாள்.

போனேன். முதல் நாலு நாள் அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். பாஷை புரியாமல், சாப்பாடு பிடிக்காமல், கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன். ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில் அங்கோலாப் பெண் என் தலையைப் பின்னிவிட்டாள். பிறகு நீச்சல் கற்றேன். கடல் உப்பு என்பதைத் தவிர எங்கள் மாஹிம் கடலோடு அதற்கு ஒரு ஒற்றுமையும் இல்லை. மணலில் கோ-கோ சரியாக வரவில்லை, கால் புதைந்தது. வாலிபால் தரையில் கோடு போட்டு ஆடினோம். மங்கோலியா, ஹங்கேரி, கியூபா என்று வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டி, “கோ” என்று கத்தினார்கள். அங்கோலாக்காரியை எங்களால் பிடிக்கவே முடியவில்லை.

திரும்பி வந்தபோது வாப்பாவுக்கு உல்லாஸ்நகரில் ஒரு செருப்புப் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. விடியுமுன் சயானில் ரயில் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகும். உம்மா தாராவி லேபர் கேம்ப் பகுதியில் முப்பிடாதியம்மாள் என்ற அக்காவின் வாடகை மிஷினில் பாவாடை தைத்தாள். சொந்தக்காரர்கள் அந்தப் பெருநாளுக்கும் அடுத்த பெருநாளுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை. வாப்பா இளைத்துப் போனார். என்னால்தான் என்று எனக்குத் தோன்றாத நாளில்லை. ஒரு தடவை அதை வாய்விட்டுச் சொன்னேன். வாப்பா கோபப்பட்டார். “நான் போட்ட கையெழுத்து. ஒனக்கு அதுல என்ன பங்கு?” என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்புப் போன வருஷம் பெரியவாப்பா வந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. உம்மா பாய் விரித்து, டீ போட்டுக் கொடுத்தாள். தன் மச்சினன் மகன் துபாய் போகிறான், போகுமுன் நிக்காஹ் முடிக்கணும், மெஹராஜைக் கேட்கிறார்கள் என்றார். ஹனீபு உல்லாஸ்நகருக்கு அலைய வேண்டாம், பட்டறைக்கே வந்துவிடலாம் என்றார். எல்லாம் நல்ல மனசோடுதான் சொன்னார்.

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

“காக்கா,” என்றார் வாப்பா. அவர் எதிரில் உட்கார்ந்துதான் இருந்தார். “மெஹராஜ் அந்தா இருக்கா. அவட்டயே கேளுங்க.”

பெரியவாப்பா என் பக்கம் திரும்பி, “நீ என்னம்மா சொல்லுத?” என்றார். அவர் என்னிடம் நேராக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“வேண்டாம் பெரியவாப்பா. நான் படிக்கப் போறேன்.”

“பத்தாவதா?”

“பத்தாவது. அதுக்கு மேலயும்.”

அவர் மீதி டீயைக் குடித்தார். கோபமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. “சரி, வாரேன்,” என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். உம்மா, “மழை வருது, குடை இருக்கா காக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றார். வாப்பா எங்கள் குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.