தங்கை நிறுத்திவைத்த அப்டேட்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிற்பாடு கண்டுபிடித்துச் சொல்லிக்காட்டாதீர்கள்.

என் மூக்குக் கண்ணாடியின் இடது லென்ஸ் கழன்றுவிட்டது. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து போனை மூக்குக்கு அருகே பிடித்து நோண்டிக்கொண்டிருந்தேன். புது மென்பொருள் இதோ வருகிறது என்று கம்பெனி அறிவித்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. வந்தபாடில்லை. "ஒரு அப்டேட்டை விடாம அப்படி என்னதான் வெட்டி முறிக்கிறானுங்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

சக்கரத்தில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிராமலே சொன்னார்: "அதை என் தங்கச்சிதான் சார் நிறுத்தி வெச்சிருக்கா. திட்டுறதா இருந்தா நேரா அவளையே திட்டுங்க. நம்பர் தரவா?"

இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்த பிறகு சும்மா வீட்டுக்குப் போகிறவன் எழுத்தாளனே இல்லை.

2

முதல் தொடக்கம்: 'தொழில்நுட்பம் மனித குலத்தின் கழுத்தில்—' அடச்சே, வேண்டாம்.

இரண்டாவது: 'அன்று மழை பெய்துகொண்டிருந்தது.' பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கிற வெயில்.

மூன்றாவது கதையே இல்லை, நாலு பக்கக் கட்டுரை. 'அப்டேட் யாருக்கு வேண்டும்?' என்று தலைப்பு. போன் பேசுகிறது, படம் எடுக்கிறது, வழி சொல்கிறது, அப்புறம் எதற்கு மாற்றம்? கேட்காமல் வீட்டுக்குள் வந்து, அடுக்களையில் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றிவைத்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி அல்லவா இது என்று பொரிந்து தள்ளியிருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தங்கைக்குப் போன் போட்டேன்.

3

தங்கை என் போனைச் செய்கிற கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவள் கையெழுத்துப் போடாமல் எந்த அப்டேட்டும் வெளியே போகாது. அலுவலகத்தில் பட்டப்பெயர் 'பிரேக்'. பாராட்டுக்காக வைத்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாவம், இருக்கட்டும்.

ஏன் லேட் என்று கேட்டேன்.

"சார், அடிப்படை மென்பொருளை ஒருத்தர் எழுதுறாங்க. சிப் செய்யுறவங்க அதைத் தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்துவாங்க. அப்புறம் எங்ககிட்ட வரும். எங்ககிட்ட நாப்பத்தியொரு மாடல், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா தைக்கணும். அதுக்கு மேல நெட்வொர்க்காரங்க பாக்கணும். எல்லாம் முடிஞ்சாலும் மொத்தமா விடமாட்டோம். முதல்ல நூத்துல ஒருத்தருக்கு, அப்புறம் பத்துப் பேருக்கு. ஏதாவது உடைஞ்சா அதோட நிக்கட்டும்னு."

"இவ்வளவு பாடு எதுக்கு? யார் கேட்டா?"

"பழைய மென்பொருள்ல ஒரு ஓட்டை இருக்கு. ஒரே ஒரு மெசேஜ் அனுப்பி உங்க போன்ல இருக்கறது எல்லாத்தையும் படிச்சிடலாம். நீங்க கேக்கலைதான். அவன் உங்களைக் கேட்டுட்டா படிப்பான்?"

(நாலு பக்கக் கட்டுரையை அப்போதுதான் கிழித்தேன். பாதியை மட்டும். விருந்தாளி பற்றிய பத்தி நன்றாக வந்திருந்தது.)

"அப்போ அவசரமா விடவேண்டியதுதானே? ஏன் நிறுத்தினீங்க?"

"அதை எங்கக்காகிட்டயே கேளுங்க," என்றாள்.

4

(இந்தப் பகுதியை இரண்டு முறை அழித்தேன். தங்கையை நல்லவளாகக் காட்ட என் கை துடிக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.)

அக்காவுக்கு வலிப்பு நோய் உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு மாத்திரை, தவறவே கூடாது. தேய்க்கிற சத்தத்தில் கடிகாரம் பார்க்கத் தோன்றாது என்பதால் போனில் அலாரம். ஆறு வருஷமாக அதுதான் அவருக்குக் காவல்.

போன வருஷம் ஒரு நாள், சார்ஜில் கிடந்த போன் தானாகவே அப்டேட் ஆகி, தானாகவே அணைந்து எழுந்தது. தங்கை கையெழுத்துப் போட்ட அப்டேட். இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கவில்லை. சாயங்காலம் சக்கரத்தின் முன்னாலேயே அக்கா விழுந்தார். புருவத்தில் நாலு தையல். சக்கரத்தில் கை போகாதது யார் செய்த புண்ணியமோ.

தங்கை பதறிப்போய் மறுநாளே சோதனைக்கூடத்தில் அதே மென்பொருளை இருநூறு முறை ஏற்றிப் பார்த்தாள். இருநூறு முறையும் அலாரம் கணீரென்று அடித்தது. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம், "நீதான்க்கா சத்தத்தைக் குறைச்சு வெச்சிருப்பே," என்றாள்.

அன்றிலிருந்து அக்கா எந்த அப்டேட்டையும் போனில் ஏற்றவில்லை.

5

இப்போது தங்கை பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். அடிபட்டுக் கிடப்பவரிடம் போய் யாராவது அப்படிச் சொல்வார்களா? சொல்வார்கள். இருநூறு தடவை சரி என்று வந்த கணக்கைக் கையில் வைத்திருக்கிறவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

6

அந்த ஓட்டை தெரியவந்ததும் தங்கை அக்காவிடம் கெஞ்சினாள். "இதை மட்டும் ஏத்திக்கோக்கா. பேங்க், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதுலதானே வெச்சிருக்கே."

"போடி. திருடன் வந்தா காசுதான் போகும். உன் அப்டேட் வந்தா நான்ல போவேன்."

தங்கை விடவில்லை. வெளியே விடப்போகிற மென்பொருளை ஒரு சோதனைப் போனில் எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். அக்காவின் கண்ணெதிரே ஏற்றி, இரண்டு மணிக்கு அலாரமும் வைத்தாள். போன் அணைந்து எழுந்தது. வழக்கம்போல் கையை நீட்டினாள்.

அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குத் தொடறே?"

"பூட்டைத் திறந்து எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும்ல. எங்க பட்டியல்ல அதான் முதல் வேலை."

"மத்தியானத்துல என் கை ரெண்டும் ஈரமா சேறா கிடக்கும். என் போனை யாருடி திறந்து பாப்பா? அப்படியே விடு."

விட்டார்கள். இரண்டு மணி ஆயிற்று. அலாரம் அடிக்கவில்லை. இரண்டு ஐந்துக்குத் தங்கை பூட்டைத் திறந்தாள். 'தவறிய அலாரம்: ஒன்று' என்று திரை காட்டியது.

சோதனைக்கூடத்தில் எல்லோரும் செய்கிற ஒரே தப்பு அது. அப்டேட் ஏறியதும் முதலில் பூட்டைத் திறந்துவிடுவார்கள், அதனால் அலாரம் அவர்களுக்கு ஒழுங்காக அடித்துவிடும். திறக்காமல் கிடக்கிற போனில் மட்டும் அது வாயைத் திறக்காது. சோதிக்கிறவர்கள் கண்ணில் ஒருநாளும் படாத கோளாறு.

தங்கை கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா தண்ணீர் கொடுத்தார். 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லவில்லை. (நான் சொல்லவைத்திருப்பேன். அவர் சொல்லவில்லை, என்ன செய்ய?)

7

மறுநாள் தங்கை அப்டேட்டை நிறுத்தினாள். மேலாளர் குதித்தார். "ஓட்டையோட எத்தனை பேர் காத்திருக்கணும், ஒரு அலாரத்துக்காக?"

நியாயமான கேள்விதான். தங்கைக்கும் தூக்கம் வரவில்லை. ஓட்டையை அடைக்கிற துண்டையாவது தனியாக முதலில் அனுப்பலாம் என்று போராடி, மூன்றே நாளில் அனுப்பவைத்தாள். (அது என் போனுக்கும் வந்திருக்கிறது. நான்தான் 'பிறகு' என்று தள்ளிவிட்டேன்.) மீதியைப் பதினொரு வாரம் பிரித்து மேய்ந்தார்கள். சோதனைப் பட்டியலில் இப்போது முதல் வரி மாறிவிட்டது: 'தொடாதே.'

8

போன வாரம் சரிசெய்த அப்டேட் தயாரானது. அதை அக்காவின் போனில் ஏற்றத் தங்கை கடைக்கு வருவதாகச் சொன்னாள். நான் மூன்று முடிவுகள் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

ஒன்று: அக்கா அழுத்துகிறார், அலாரம் அடிக்கிறது, அக்காவும் தங்கையும் கட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு: அழுத்துகிறார், அடிக்கவில்லை. (இதை எழுதும்போது எனக்கே பிடிக்கவில்லை.)

மூன்று: அழுத்தாமலே, மேசையில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கி வைத்துக்கொள்—

அக்கா மூன்றையும் என் புதுக் கண்ணாடிக்கான பெட்டிக்குள் மடித்துச் சொருகித் திருப்பிக் கொடுத்தார். "கடிகாரம் போன வருஷமே வாங்கிட்டேன் சார். நான் அதுக்கு யோசிக்கல."

பிறகு தங்கையைப் பார்த்தார். "அடிக்கலைன்னா?"

"மறுபடியும் நிறுத்துவேன்க்கா."

"நிறுத்து. ஆனா இந்தத் தடவை என்மேல பழி போடாம நிறுத்து."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. தப்பு என்மேலதான்."

இந்த ஒரு வரிக்காக அக்கா ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, ஒரே அழுத்து. மணி ஒன்று இருபது. "ஏறட்டும்," என்றார். "எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கட்டும்."

நான் அதோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். இரண்டு மணி அவர்களுடையது. அதற்குள் நீங்கள் போய்ப் பார்ப்பதானால் போங்கள். தயவுசெய்து போனைத் தொடாதீர்கள்.