கடவுச்சொல் போட்ட வீடு

1

இந்தக் கதை எங்கே முளைத்தது என்பதை மறைப்பானேன்? இன்று காலை என் கணினி என்னையே யாரென்று கேட்டது. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தேன். ஒருவழியாகத் திறந்ததும், அந்தச் சனியனை ஒழித்துக்கட்டத்தான் போனேன். அதற்குள் இவள் வந்துவிட்டாள்.

2

இவள் வீடுகளுக்கு வரைபடம் போடுபவள். வேலையெல்லாம் கூடத்து மூலையில், வீட்டிலுள்ள ஒரே கணினியில். பக்கவாதத்துக்குப் பிறகு கணவருக்குக் கை நடுங்கும்; ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். (அவரைச் சிடுமூஞ்சியாக எழுதி அடித்துவிட்டேன். தங்கமான மனுஷர்.) அவருக்கிருந்த ஒரே ஆறுதல் கணினிச் சதுரங்கம். அதற்காகக் கடவுச்சொல்லையே எடுத்துவிட்டிருந்தாள்.

3

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். (திடீரென்று வருகிறாளே என்பீர்கள். நாத்தனார்கள் சொல்லிக்கொண்டா வருகிறார்கள்?)

"அண்ணி, எனக்கொரு சின்ன வீடு வரைஞ்சு குடுங்க. ஒரு படுக்கையறை போதும்."

"உன் வீட்டுக்காரர்?"

"அவர் வரல. நான் மட்டும்தான். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க, அவர் உடம்பு தாங்காது."

4

கணினியைப் பூட்டினால் அவர் தவிப்பார். பூட்டாவிட்டால் நாத்தனாரின் ரகசியம் வெட்டவெளிச்சம். படம் பாதி வளர்ந்த பிறகுதான் வழி தோன்றியது: ஒரே கணினியில் இரண்டு கணக்குகள்.

"இனிமே உங்க சதுரங்கம் தனிக் கணக்குல. எதுவும் அடிக்க வேண்டாம், தொட்டாத் திறக்கும்."

"உன்னோடது?"

"அதுக்குக் கடவுச்சொல் போட்டுட்டேன்."

"யாருக்குப் பயந்து? வீட்டுல நாம ரெண்டு பேர்தானே."

கதைக்கு நான் எழுதிப்பார்த்த முதல் முடிவு: அவள் ஒரு பொய்யைச் சொல்ல, அவரும் நம்பி...

இரண்டாவது: அவள் ஓவென்று அழுது, எல்லாவற்றையும்... சேச்சே. அழுகிற ரகமில்லை அவள்.

5

அவர் இடது கையால் குதிரையை நகர்த்தினார்.

"பூட்டிக்கோ. ஆனா தங்கச்சி வீட்டுக் கூடத்துல எனக்கொரு நாற்காலிக்கு இடம் விடு."

"எப்பப் பார்த்தீங்க?"

"அவ பேர் போட்ட படத்தை நீ மூடாமப் போன அன்னிக்கு. ஒரே ஒரு படுக்கையறை. அவளே வந்து சொல்லட்டும். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. மனப்பாரமும் இறங்கியது. கூடத்தை அகலமாக்கினாள்.

நாத்தனார் அடுத்த முறை வந்தபோது அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"கூடம் எதுக்கு அண்ணி இவ்வளவு பெரிசு? எனக்குன்னு யார் வரப்போறாங்க?"

பதிலை நான் எழுதப்போவதில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறாள் அவள். அந்தப் பெண்ணோ முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.