சிவந்த பல்

தையற்காரம்மா அதைப் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னாளா, எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னாளா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சொன்னது என்னவோ நிஜம்.

வாய் கொப்பளிக்கும் மருந்து ஒன்று பல்லில் படியும் அழுக்கை எவ்வளவு குறைக்கிறது என்று பார்க்கும் சோதனை. வந்தவர்கள் சில நாள் பல் துலக்கக் கூடாது. முதல் சுற்றில் மருந்தும் கிடையாது; இரண்டாவதில் மருந்தால் கொப்பளிக்க மட்டும் செய்யலாம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் பல் டாக்டர் சிவப்புச் சாயம் தடவி, அழுக்கு சிவந்து நிற்கும் இடங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவாள்.

இரண்டாம் சுற்றில் எல்லோர் பல்லும் பளிச்சென்று இருந்தது.

"என்னக்கா, மருந்து மாயாஜாலம் பண்ணிடுச்சே!" என்றாள் பல் டாக்டர்.

"மருந்தா? காலையில நல்லா தேய்ச்சுட்டுல்ல வந்தேன்," என்றாள் தையற்காரம்மா. "போன தடவ கண்ணாடியில காட்டினீங்களே, ரத்தக்காட்டேரி மாதிரி இருந்தேன். அந்த வாயோட மறுபடி உங்க முன்னாடி வந்து நிக்கறதா?"

"தேய்க்கக்கூடாதுன்னு சொன்னேனே!"

"நீங்க சொல்லுவீங்க. வெளிய கேளுங்க, யாரு தேய்க்காம வந்திருக்காங்கன்னு."

கேட்டாள். எல்லோரும் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கடைசியில் ஒரு லாரி டிரைவர் மட்டும், "விரலாலதான் டாக்டர், பிரஷ் இல்ல," என்றார்.

சோதனை நடந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் பல் டாக்டரின் சித்தப்பா. அப்பா போனபின் அவளைப் படிக்கவைத்தவர். அவளுடைய வேலை நிரந்தரமாவதும் அவர் கையில்தான் இருந்தது.

"இந்த முடிவு செல்லாது சித்தப்பா. முதல்லேர்ந்து பண்ணணும்."

"அடுத்த வாரம் மருந்துக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. பல்லு சுத்தமா இருந்துச்சா, மார்க் போட்டியா? கையெழுத்தும் போட்டுடு. வேலை நிரந்தரம்."

"போடலன்னா?"

"எனக்கு வேற கையெழுத்து கிடைக்கும். உனக்கு வேற வேலை கிடைக்குமான்னு பாத்துக்கோ."

அவள் மருந்துப் புட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனாள். பிரஷ்ஷைத் தொடாமல், வேளை தவறாமல் கொப்பளித்தாள்.

"தாயே, அந்தப் பக்கம் திரும்பிப் பேசு," என்று கும்பிட்டான் கணவன்.

கம்பெனிக்காரர்கள் வந்த அன்று அறைக்குள் நுழையும் முன் தன் பல்லில் சாயம் தடவிக்கொண்டாள்.

"என் அண்ணன் பொண்ணு. இவதான் பல்லெல்லாம் பாத்தா," என்றார் சித்தப்பா.

அவள் சிரித்தாள். ஈறோரம் முழுக்கச் செக்கச்செவேலென்றிருந்தது. எல்லோரும் பார்க்கும்வரை சிரித்தபடியே நின்றாள்.

பிறகு சொன்னாள்: "இது உங்க மருந்து மட்டும் பட்ட வாய். இந்த ஒரு வாய வெச்சு மருந்து மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்ககிட்ட இருக்கற மார்க் மருந்து வாங்கினதில்ல, பிரஷ் வாங்கினது. கண்ணாடியக் காட்டி அவங்கள வெட்கப்பட வெச்சது என் தப்பு. அதுக்காகப் பொய்யில கையெழுத்து போட மாட்டேன்."

"வாய மூடு!" என்றார் சித்தப்பா.

"மூடினா இவங்களுக்குத் தெரியாது சித்தப்பா," என்று இன்னும் அகலத் திறந்து காட்டினாள்.

அவளுக்கு வேலை போயிற்று. கம்பெனி வேறிடத்தில் சோதனையை மறுபடி நடத்தியது. மருந்து அழுக்கை ஓரளவு குறைப்பதாகத் தெரிந்தது; அந்த அளவை மட்டும் புட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். சித்தப்பா ஓய்வு பெற்றுவிட்டார், அவளோடு பேசுவதில்லை. தையற்காரம்மா மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். பல் டாக்டர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் அறை பிடித்து வைத்தியம் பார்க்கிறாள்.