மாமனார் பெயர்

குன்சுலுவின் மாமனார் பெயர் பஜார்பாய். வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. தராஸ் நகரத்துப் பஜாரில் கம்பளிச் சால்வை விற்று அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்தவளே அவள்தான். பன்னிரண்டு வருடமாக அவள் வாயில் பஜார் என்பது ‘கூட்டம் கூடுற இடம்’.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாழாய்ப்போன அந்தச் சொல் எல்லார் பாஷையிலும் புகுந்து கிடந்தது. பக்கத்துக் கடைத் துருக்கிக்காரருக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

“பஜார் அன்னிக்குக் கடை உண்டா?” என்பார்.

“சனிக்கு மறுநாள்தானே? உண்டு” என்பாள் இவள்.

எதிர்க்கடை ரஷ்யக்காரிக்கு அது வெட்டிப்பேச்சு. “என்ன பஜார் இது, வாங்குறதுன்னா வாங்கு” என்று வந்தவர்களை விரட்டுவாள். குன்சுலு மட்டும் எதையும் சுற்றி வளைத்தே பேசினாள். கடைத்தெருவே சிரித்தது. வாய் தவறிச் சொன்னாளா என்று மாமியார் ஷோல்பான் ஆள் வைத்து விசாரித்தாள்.

கொழுந்தன் தாலாப்பின் கல்யாணம் முடிந்த மறுவாரம், காலைத் தேநீரின்போது மாமனார் சொன்னார்: “இளையவனுக்குத்தான் எல்லாம். அதான் முறை. கடைச் சாவியை அவன்கிட்ட குடுத்துரும்மா.”

குன்சுலு கிண்ணங்களில் பால்தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டே பலகையில் அவள் ஆரம்பித்த கடை. தாலாப் கம்பளிக்கும் பருத்திக்கும் வித்தியாசம் தெரியாதவன். புருஷன் எர்போலாத் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

“அது நான் போட்ட கடை மாமா.”

“எதிர்த்துப் பேசுறியா?” என்றாள் மாமியார். “டீயை ஊத்து.”

குன்சுலு கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பஜார்பாய், கடையைத் தர மாட்டேன்.”

தாலாப்புக்குப் புரையேறியது. கிழவர் முகம் கறுத்தது.

“யார் பேரைச் சொல்றே?”

“உங்க பேரைத்தான். பன்னெண்டு வருஷம் அதுக்காக நாக்கைக் கட்டிப் போட்டேன். ஊரு பைத்தியக்காரின்னுச்சு. அந்த மரியாதை நானாக் குடுத்தது. இப்ப திருப்பி எடுத்துக்கிறேன்.”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசலில் அவள் செருப்பை மாட்டும்போது எர்போலாத் பின்னாலேயே வந்தான்.

“அப்பாகிட்ட மன்னிப்பு கேளு” என்றான்.

“என் கடையைப் பிடுங்கினப்போ வராத வாய், இதுக்கு மட்டும் வந்துச்சாக்கும்” என்றாள் குன்சுலு.