நாளைக்கு சார்

தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரி எப்போது போன் செய்தாலும் ஒரே பாட்டுதான். "ஒரு இடம் இருக்கும்மா. பாக்கி வசூல். ஒருத்தி பிரசவ லீவுல போயிருக்கா. நாளைக்கே போயிடுறியா?" முடியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் போன் வராது. அதனால் போனாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வாங்கி என்ன கிழித்தாள்? அடுத்தவள் உயரத்துக்கு ஏற்றிவைத்த நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவள் பெயரில் கம்ப்யூட்டரைத் திறந்து, அடுத்தவள் குடித்துவிட்டு வைத்த காப்பிக் கறையைத் துடைத்தாள்.

நிரந்தர ஆட்களுக்கு அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கும். அவளுக்குச் சிவப்புக் கயிறு. பஸ் ஏறுமுன் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவாள். கணக்குப் பிரிவில் நிரந்தர ஆபீஸர் என்று வீட்டில் அளந்துவிட்டிருந்தாள்.

சோபா செய்கிறவர்களுக்கு ஃபோமும் ரெக்ஸினும் கடனுக்குக் கொடுக்கிற கம்பெனி அது. கொடுத்த கடனைக் கேட்டு வாங்குவது அந்த அறையின் வேலை. நாள் முழுக்கச் சாக்குப்போக்கு கேட்டுக் கேட்டு அங்கே யாருக்கும் யார்மேலும் இரக்கம் மிச்சமில்லை. பாக்கிக்காரர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எப்போது கேட்டாலும் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பவர் 'மாமியார் வார்டு'. இன்னொருவர் 'நாளைக்கு சார்'.

அவரைப் பக்கத்து சீட் கண்ணாடிக்காரன் முதல் நாளே நடித்துக் காட்டினான். தொண்டையைச் செருமி, தலையைச் சொறிந்து, "நாளைக்கு மேடம், கண்டிப்பா நாளைக்கு, என் தலையை அடகு வெச்சாவது..." அறையே குலுங்கிச் சிரித்தது. அவளும் சிரித்தாள். புது இடத்தில் சிரிக்காமல் இருந்தால் தலைக்கனம் என்பார்கள்.

மறுநாள் அந்தக் கணக்கு அவள் பங்குக்கு வந்தது. திரையில் இருந்த போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவள் தாய்மாமாவின் நம்பர்.

கல்லூரியில் கடைசி வருடப் பணம் கட்ட வழியில்லாமல் அவள் அழுதுகொண்டு நின்றபோது, பட்டறையில் இருந்த ஒரே தையல் மெஷினை விற்றுவிட்டு வந்த மனிதர். இப்போது கையாலேயே தைக்கிறார். சோபா வாங்க வருகிறவர்களிடம் அளவு கேட்பதற்கு முன்பே, "என் மருமக ஆபீஸரா இருக்கா" என்று ஆரம்பித்துவிடுவார்.

சொந்தக்காரர் கணக்கு வந்தால் சொல்லு, வேறு ஆளிடம் மாற்றிவிடலாம் என்று மேலாளர் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். வாயைத் திறந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நேற்று வயிறு வலிக்கச் சிரித்த வாயை இன்று எப்படித் திறப்பது? போதாததற்கு, "இந்த வாரம் பார்த்துட்டு உனக்கு நீலக் கயிறுக்குச் சொல்றேன்" என்று அந்த அம்மா ஆசை வேறு காட்டியிருந்தார்.

பாக்கி நின்றால் ஒரு தடவை போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் அப்படியே பதிவு செய்து சரக்கை நிறுத்திவிடலாம். ஆனால் சிவப்புக் கயிறு ஆட்கள் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அவள் 'ஹலோ' என்றாலே போதும், "என்னடா கண்ணு" என்று மாமா அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கொஞ்சுவார்.

எல்லோரும் டீக்கு எழுந்த சலசலப்பில் நம்பரை அழுத்தினாள். மணி ஒரே ஒரு தடவை அடித்தது. வெடுக்கென்று வைத்தாள். 'எடுக்கவில்லை' என்று பதிந்தாள். ரெண்டு நாள் சரக்கு வராவிட்டால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் காவலாளி ஒருவரை அறைக்கு அழைத்துவந்தார். தலையெல்லாம் ஃபோம் தூள், சட்டைப் பையில் மடித்த செக். மாமா.

நேரே மேலாளர் மேஜைக்குப் போனார். அவளைக் கவனிக்கவில்லை.

"நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தது நான்தாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேப்பீங்களே. அதை நம்பித்தானே கிளினிக் நாற்காலி ஆர்டரைப் புடிச்சேன். இன்னிக்கு வண்டியோட வந்தா கீழ சரக்கு இல்லைங்கறாங்க. கிளினிக்காரன் வேற ஆளைப் பார்த்துக்கிட்டான்."

மேலாளர் திரையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "போன் பண்ணது அந்தப் பொண்ணு. ஏம்மா, பண்ணியா இல்லையா?"

மாமா திரும்பினார். முகத்தைப் பார்த்தார். பிறகு சிவப்புக் கயிற்றைப் பார்த்தார். கீழே கவுன்டரில் அவர் பார்க்காத சிவப்புக் கயிறா? அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

"பண்ணேன் மேடம்," என்றாள் மேஜையைப் பார்த்தபடி. "எடுக்கல."

மாமா போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஆமாங்க, வந்திருக்கு. மெஷின் சத்தத்துல காதுல விழுந்திருக்காது. தப்பு என்னோடதுதான். அவங்களைத் திட்டாதீங்க."

அந்தப் பட்டறையில் மெஷின் இல்லை என்பது அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

செக்கை மேஜைமேல் வைத்தார். அவள் பக்கமாக, "வரேங்க மேடம்" என்றார். போய்விட்டார்.

"நாளைக்கு சார் நேர்லயே தரிசனம் கொடுத்துட்டாரு," என்றான் கண்ணாடிக்காரன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் அவள் தோளைத் தட்டினார். "பதிவு பக்காவா இருந்ததால பிழைச்சோம். ஏஜென்சிக்கு இன்னிக்கே பேசிடறேன். நீலக் கயிறு உனக்குத்தான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் காலி வண்டியின் பக்கத்தில் மாமா நின்றிருந்தார். வண்டிக்காரனிடம் வாடகைக்குத் தவணை கேட்டுக் கெஞ்சுகிறார் போலிருக்கிறது, தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்காரன் நடித்துக் காட்டியது அச்சு அசலாக அதேதான்.

அவள் ஸ்பீக்கரை அழுத்தி நம்பரைப் போட்டாள். இந்த முறை வைக்கவில்லை. மணி அறை முழுக்க அடித்தது. கீழே மாமா போனை எடுத்துப் பார்த்துக் காதில் வைப்பது தெரிந்தது.

"சொல்லுங்க மேடம்."

"மாமா," என்றாள்.

கண்ணாடிக்காரனின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன.

"மாமா, நான்தான் கட் பண்ணேன். உங்க மேல தப்பில்ல. நீங்க பேசினா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்னு ஒரு ரிங்லயே வெச்சுட்டேன்."

கீழே அவர் மேல்மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தேடினார்.

"பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. எல்லாருக்கும் கேக்குது."

"லூசு. வை போனை. வேலையைக் காப்பாத்திக்கோ."

வைக்கவில்லை. பின்னால் மேலாளரின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"கிளினிக் ஆர்டர், மாமா? நாளைக்குப் போய்ப் பேசினா கிடைக்காதா?"

நாளைக்குக் கிடைக்கும் கண்ணு என்பார் என்று காத்திருந்தாள்.

"இல்லம்மா," என்றார் மாமா. "அது போனது போனதுதான்."