விரல் சொன்ன பதம்

தாரின் பதத்தை வெள்ளைச்சாமி விரலால் அறிவார். ஒரு சொட்டை எடுத்துச் சற்றே ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்து அவர் தலையசைத்துவிட்டால், புதுக்கோட்டை வட்டாரத்தில் எந்தச் சாலை ஒப்பந்தக்காரரும் மறுவார்த்தை பேசமாட்டார். தாரும் ஜல்லியும் சேர்க்கும் கலவை ஆலையில் முப்பதாண்டுகளாக அவருக்குச் சோறு போட்டது அந்தத் தலையசைப்புத்தான்.

வல்லத்திராக்கோட்டைக்குப் பிரியும் சாலை அவர் பதம் பார்த்துப் போட்டது. மூன்றாவது மழைக்காலம் வருமுன்னரே அது வறண்ட கண்மாயின் அடிமண்போல வெடித்துக் கிடந்தது. நெடுஞ்சாலைப் பொறியாளர் இர்ஃபானா, அறந்தாங்கிக்காரர், காரணம் அறிய, துளைக்கும் இயந்திரத்தை வைத்துச் சாலையை உருளை உருளையாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தக்காரர் ஆதப்பன் காரணத்தை ஆயத்தமாகவே வைத்திருந்தார். குவாரி லாரிகள் அளவுமீறிப் பாரம் ஏற்றுகின்றன என்றும், இரும்பால் போட்டாலும் இந்தச் சாலை தாங்காது என்றும் சொன்னார். கீரனூர்ப் பக்கம் போடவிருந்த அடுத்த சாலைக்கு அன்று பிற்பகலே கலவை ஏற்ற வேண்டும். இர்ஃபானா ஒப்பினால்தான் ஏற்றலாம்.

"நம்ம மேஸ்திரியையே கேட்டுக்கங்க மேடம். அவரு விரலு பொய் சொல்லாது" என்று உடன் அழைத்து வந்திருந்த வெள்ளைச்சாமியைக் காட்டிச் சிரித்தார்.

வெள்ளைச்சாமி குனிந்து பார்த்தார். பாரம் ஏற்றிய லாரிகள் ஒரு பக்கமாகப் போகும். வெறும் லாரிகள் மறுபக்கமாகத் திரும்பும். விரிசலோ இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. சக்கரமே படாத ஓரத்திலும் இருந்தது. பாரந்தான் காரணம் என்றால் அப்படி இராது.

மண்வெட்டியில் தார் ஒட்டாதிருக்கப் பழைய என்ஜின் ஆயிலைத் தடவுவது சாலைத் தொழிலாளர் வழக்கம். அப்படித் தடவிய மண்வெட்டியில் படிந்த தார் மறுநாளும் குழைவாயிருப்பதை அவர் பலமுறை கண்டிருந்தார். இந்தச் சாலைக்குப் பழைய சாலையைச் சுரண்டிய துகளையும் சேர்க்க நேர்ந்தபோது, கலவை விறைத்து நின்றது. அந்த நினைவில், கழிவு ஆயிலைச் சுத்திகரித்த பின் அடியில் தங்கும் கசண்டை வரவழைத்து, தாரில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஊற்றினார். தார் வெண்ணெயாய்க் குழைந்தது. விரல் ஒப்பிற்று, தாரின் இளக்கத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்து ஊசியும் அளவாகவே இறங்கிற்று. இப்போது கீரனூர்க் கலவைக்கும் அதே பக்குவந்தான்.

வெட்டியெடுத்த உருளையிலிருந்து ஒரு துண்டை வாங்கி அழுத்தினார். முறுக்குப்போல முறிந்தது, உள்ளிருந்த ஜல்லி தாரை உதறிவிட்டு வெளுப்பாய் உதிர்ந்தது.

"லாரி மேல பழி போடாதீங்க மேடம். தாருல ஆயில் கசண்டை ஊத்துனது நாந்தான்."

"வெயிலு தலைக்கேறிருச்சு" என்றார் ஆதப்பன். "கார்ல போயி ஒக்காருங்கண்ணே."

எத்தனை பங்கு என்று மட்டும் இர்ஃபானா கேட்டார். விடையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, அந்த அளவுக்குக் கலந்தால் தார் முதலில் இளகினாலும் வெயிலிலும் காற்றிலும் கிடக்கக் கிடக்க விரைவில் முறுகிப் பிடிப்பை இழக்கும் என்றும், புதுத் தாரைச் சோதிக்கும் ஊசிக்கு அது தெரியாது என்றும் பொறுமையாக விளக்கினார்.

"மெத்துன்னு இருந்துச்சு. அதையே நல்லதுன்னு நெனச்சுப்புட்டேன்" என்றார் வெள்ளைச்சாமி. "கீரனூர் லோடை நிறுத்துங்க. அதுலயும் ஊத்தியிருக்கேன்."

ஆதப்பன் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒங்க மூஞ்சியில நீங்களே தாரைப் பூசிக்கிட்டீங்களே, இனிமே எந்தப் பிளாண்டுல ஒங்கள உள்ள விடுவாக?"

அவர் கேட்டதில் உண்மை இருந்தது. ஆனாலும் வெள்ளைச்சாமி இர்ஃபானாவிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். இர்ஃபானா ஆலைக்குத் தொலைபேசியில் பேசி, கலவை ஏற்றுவதை நிறுத்தினார். ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து, என்ன ஊற்றினார், எத்தனை பங்கு ஊற்றினார் என்று வெள்ளைச்சாமி தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குள் ஆதப்பனின் கார் போய்விட்டது.

பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடட்டுமா என்று இர்ஃபானா கேட்டார்.

"வேண்டாம் மேடம். பிளாண்டுல ஆறு டேங்க் இருக்கு. எதெதுல கசண்டு கலந்திருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். வாரேன், காட்டிப்புட்டுப் போறேன்."